இளவரசியின் பால்பல்லும் கல்பந்தலும்

செங்கழனி நாட்டு அரசர் கொற்றவேலருக்கு ஒரு வியாதி. எதைச் செய்தாலும் சந்திரசூரியர் உள்ளவரை நிற்க வேண்டும். குளம் வெட்டினால் கல்வெட்டு. கோயிலுக்கு விளக்கு வைத்தால் கல்வெட்டு. விட்டால் தும்மலுக்கும் ஒன்று வைத்திருப்பார்.

அவருடைய செல்ல மகள் நங்கைக்கு ஆறு வயது. அரசரிடம் காரியம் ஆகவேண்டியவர்கள் எல்லாம் குழந்தை கையில் கருப்பட்டி மிட்டாயைத் திணித்துவிட்டுப் போனார்கள். அவ்வளவு பாசம். கடைவாய்ப் பால்பல் வேர்வரை சொத்தையாகி, பாவம், சோறு இறங்காமல் அழுதது பிள்ளை.

அரண்மனை வைத்தியர் கனகசபைப் பண்டிதர் வேரைச் சுத்தம் செய்து வலியை நிறுத்தினார். அதுவரை சரி. வேருக்குள் இருந்த ஓட்டையை எதைக்கொண்டு அடைப்பது என்றபோதுதான் வம்பு ஆரம்பித்தது.

"தங்கம்தான் மகாராஜா. அசையாது, கரையாது. சின்ன வயதில் தங்கள் பல்லுக்கு என் தகப்பனார் வைத்தது இன்னும் இருக்கிறதே?"

"இருக்கிறது" என்று அரசர் மீசையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் வாய்விட்டுச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அதை ராஜகம்பீரம் என்று புலவர்கள் பாடிவைத்திருந்தார்கள். அவர்களும் பிழைக்க வேண்டுமே.

அமைச்சர் அம்பலத்தாடிக்கு மனசு கேட்கவில்லை. "விழப்போகிற பல்லுக்கு விழாத தங்கமா மகாராஜா? அடியில் புதுப்பல் காத்திருக்கிறதே."

"தற்காலிக வேலையெல்லாம் என் வம்சத்துக்கு இழுக்கு" என்றார் அரசர். "தேர்த்திருவிழா முடிந்ததும் தங்கம்தான். நீ போய் வீதியில் பந்தலைப் போடு."

"உத்தரவு மகாராஜா."

திருவிழாவுக்கு வரும் ஜனங்களுக்கு வெயில் படாமல் தேர்வீதியில் ஓலைப்பந்தல் போடுவது ஊர் வழக்கம். தேரன்று காலையில் பிரித்துவிடுவார்கள். அந்த வருஷம் தேர் பாதி வீதியில் நின்றுவிட்டது. எதிரே கருங்கல் தூணும் கல்கூரையுமாக ஒரு பந்தல். அரண்மனையில் கல்வெட்டுக் கல்லுக்கா பஞ்சம்?

"யார் செய்த வேலை இது?" அரசருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அடியேன்தான். சந்திரசூரியர் உள்ளவரை நிற்கும் மகாராஜா."

"தேர் வந்தால் பந்தல் வழிவிட வேண்டாமா? மூளை இருக்கிறதா உனக்கு?"

"தேரைக் காய்கறிச் சந்து வழியாகத் திருப்பிவிடலாம். கொஞ்சம் கோணலாக வரும், அவ்வளவுதானே? இளவரசி வாயில் புதுப்பல் கோணலாக வந்தால் பரவாயில்லை என்றால், இங்கேயும் பரவாயில்லை."

அரசர் பண்டிதரைத் திரும்பிப் பார்த்தார்.

பண்டிதர் அவசரமாக முந்திக்கொண்டார். "நான் மெழுகு வைக்கலாம் என்றுதான் சொல்ல வந்தேன்."

"மெழுகு சீக்கிரமே உருகிவிடும். அது கொடியேறிய அன்றே பிரித்த பந்தல், பண்டிதரே" என்றார் அமைச்சர். " தேர் வரும்வரை யார் வெயிலில் நிற்பது? துத்தநாகப் பற்பத்தைக் கிராம்புத் தைலத்தில் குழைத்து வையுங்கள். பால்பல்லின் வேர் கரையக் கரைய அதுவும் கூடவே கரையும்."

"அப்படியே செய்யுங்கள்" என்றார் அரசர். அம்பலத்தாடிக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார். பண்டிதருக்குக் கல்பந்தலை இடிக்கக் கடப்பாரை கிடைத்தது.

பண்டிதர் அதைத் தூக்க முடியாமல் தூக்கியதைப் பார்த்ததும் அரசருக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. ஊரே முதல்முறையாக ராஜகம்பீரத்தின் உள்ளே பார்த்தது. தங்கம் அடைத்த பால்பல் ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலே, இடம் கிடைக்காத பல் உதட்டை முட்டிக்கொண்டு கோணலாக நின்றது.

அரசர் அதைத் தொட்டுக் காட்டினார்.

"பண்டிதரே, இது உங்கள் தகப்பனார் போட்ட பந்தல்தானே?"