ஓடையில் நிற்க ஓர் உடை

கருங்குழி ஓடையில் சவரிமுத்து மூன்றாம் முறையாக விழுந்தார்.

முதல் இரண்டு முறையும் கரையோரம்தான். முழங்காலளவு தண்ணீர். எழுந்து சிரித்துச் சமாளித்துவிட்டார். இந்த முறை நடு ஓடை. கால் வழுக்கியதும், மார்பு வரை போட்டிருந்த ரப்பர் கால்சட்டைக்குள் தண்ணீர் இறங்கியது. பாதம் முதல் மார்பு வரை ஒரே துண்டாக வரும் உடை அது. தண்ணீரில் நின்று தூண்டில் போடுகிறவர்கள் அணிவது. இப்போது அதன் இரண்டு கால்களும் மண்மூட்டைகளாகக் கனத்தன. எழப் பார்த்தார், முடியவில்லை. ஓடை அவரை மடுவின் பக்கம் இழுத்தது.

குரு பின்னாலிருந்து அவருடைய இடுப்பு வாரைப் பிடித்தார். ஒரு பாறையில் காலை முட்டுக்கொடுத்து, கரைக்கு இழுத்துப் போட்டார்.

குருவின் பெயர் தெய்வானை. வயது நாற்பது. நீலகிரியின் மேல்புறத்தில் ஒரு மீன் பண்ணையில் டிரவுட் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், கேட்டு வருகிறவர்களுக்கு ஓடையில் தூண்டில் பழக்குவார். யாரோ விளையாட்டாகக் குரு என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. சவரிமுத்துவுக்கு அறுபத்தொன்று. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன்னைவிட இருபத்தொரு வயது இளையவரைக் குரு என்று அழைக்க அவருக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை.

சவரிமுத்து பாறைமேல் உட்கார்ந்து வெகுநேரம் இருமினார். குரு பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

“எனக்கு இந்த ஓடை வேண்டாம் குரு. இன்னையோட சரி.”

குரு பிளாஸ்கை மூடி வைத்தார்.

“அண்ணன் முப்பது வருஷம் இதே இடத்துல நின்னார். ஒருநாளும் விழுந்ததில்ல. நான் மூணு மாசத்துல மூணு தடவை.” தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தார். “அவர் கால் நின்ன இடத்துல என் கால் ஏன் நிக்க மாட்டேங்குது?”

அந்தக் கேள்வி அவரை மூன்று மாதமாக அரித்துக்கொண்டிருந்தது. வீட்டில்கூடச் சொன்னதில்லை.

அண்ணன் அருளானந்தம் போன வருடம் இறந்துபோனார். உயிரோடு இருந்தவரை விடுமுறை நாளெல்லாம் தூண்டிலும் கையுமாகத்தான் இருப்பார். சவரிமுத்துவும் கூட வருவார். ஆனால் கரையிலேயே உட்கார்ந்துவிடுவார். “இறங்கி வாடா தம்பி” என்று அண்ணன் ஓடையிலிருந்து கூப்பிடுவார். “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று தம்பி சொல்வார். இப்படியே முப்பது வருடம் போயிற்று. அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, அந்த அடுத்த வாரத்தை நினைத்துத்தான் சவரிமுத்துவுக்கு அழுகை வந்தது.

இதையெல்லாம் அவர் இன்றுதான் சொன்னார். குரு கடைசிவரை கேட்டார்.

“இந்த உடை யாரோடது?”

“அண்ணனோடது.”

“அவர் என்ன உயரம்?”

“என்னைவிட ஒரு சாண் கூட.”

“கழட்டுங்க சார்.”

சவரிமுத்து வாரை அவிழ்த்து, தோள்பட்டிகளை இறக்கி, ஒவ்வொரு காலாக உருவினார். குரு அதைத் தலைகீழாகப் பிடித்தார். தண்ணீர் கொட்டியது. அதோடு மூன்று ஜோடிக் காலுறைகளும் வந்து விழுந்தன. பாதம் ஆடாமலிருக்கச் சவரிமுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டவை. வெறுங்காலோடு அவர் நடந்ததில் உலர்ந்த பாறையில் ஈரச் சுவடு பதிந்திருந்தது. குரு அண்ணனின் ரப்பர் பாதத்தை எடுத்து, குதிகாலுக்குக் குதிகால் பொருத்தி, அந்தச் சுவட்டின்மேல் வைத்தார்.

சுவடு முழுவதும் மறைந்தது. முன்னால் நான்கு விரற்கடை ரப்பர் மிச்சமிருந்தது.

சவரிமுத்து குனிந்து பார்த்தார். ரப்பர் பாதத்தைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். மறுபடி வைத்துப் பார்த்தார்.

“மூணு காலுறை போட்டா சரியாயிடும்னு நினைச்சேன்,” என்றார் மெதுவாக.

“நானும்தான் தப்பு பண்ணேன்,” என்றார் குரு. “மூணு மாசமா உங்க முகத்தையே பார்த்தேன். தண்ணியைக் கண்டு பயப்படுறீங்கன்னு முடிவு கட்டிட்டேன். காலைக் குனிஞ்சு பார்க்கல.”

சவரிமுத்து தேநீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். ஆறிப்போயிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

“வியாழக்கிழமை ஊட்டிக்கு வாங்க. உங்க அளவுல ஒண்ணு வாங்கலாம்,” என்றார் குரு.

ஊட்டியில் ஹனீபா பாய் கடையில் மழைக்கோட்டும் கம்பளியும் ரப்பர் பூட்ஸும் கூரை வரை அடுக்கியிருந்தன. தூண்டில்காரர்களின் கால்சட்டைகள் உள்ளறையில் தொங்கின.

“பச்சை நிறத்துல, நீளமா ஒண்ணு வேணும்,” என்றார் சவரிமுத்து. அண்ணனுடையது பச்சை.

பாய் எடுத்துக் கொடுத்தார். சவரிமுத்து போட்டுக்கொண்டு கண்ணாடிமுன் நின்றார். கண்ணாடி இடுப்பு வரைதான் காட்டியது. தோள்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். முகம் மலர்ந்தது.

“அப்படியே அண்ணனைப் பார்த்த மாதிரி இருக்கு.”

“நல்லா இருக்கு,” என்றார் பாயும்.

“குந்துங்க சார்,” என்றார் குரு.

சவரிமுத்து குந்த முயன்றார். வயிற்றில் பிடித்தது. கணுக்காலில் ரப்பர் மடிப்பு மடிப்பாகத் தேங்கியது. பாதி குந்தியவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“ஓடையில நான் எங்க குந்தப் போறேன் குரு? நிக்கத்தானே போறேன்.”

“விழுந்தா எப்படி எழுந்திருப்பீங்க?”

சவரிமுத்து தோள்பட்டிகளை இறக்கினார்.

பாய் இன்னும் பெரியதாக ஒன்றைக் கொண்டுவந்தார். “இது தாராளம். குளிருக்கு உள்ளே ரெண்டு கம்பளி போட்டாலும் இடம் இருக்கும்.” அதில் குந்த முடிந்தது. குரு கடையின் மாடிப்படியைக் காட்டினார். சவரிமுத்து ஏறினார். இரண்டாவது படியில் தன் உடையின் மடிப்பைத் தானே மிதித்துத் தடுமாறினார். பாய் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

மணி பன்னிரண்டு ஆனது. சவரிமுத்துவுக்கு வியர்த்திருந்தது. தன் உடம்புக்கு யாரும் உடையே செய்வதில்லையோ என்ற எண்ணம் வந்தது. இதை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றும் தோன்றியது.

“பாய், அந்த மூலையில இருக்கறது?” என்றார் குரு.

“அதுவா? அது மண் நிறம். யாரும் கேக்க மாட்டாங்க.” பாய் தூசி தட்டி எடுத்தார்.

குரு தன் பையிலிருந்து தடித்த கம்பளிக் காலுறை ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தார். “ஓடைக்குப் போடுறதைப் போட்டுக்கிட்டுப் பாருங்க.”

சவரிமுத்து காலை நுழைத்தார். குதிகால் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்தது. விரல்களை அசைத்தார். அசைந்தன. குந்தினார். எழுந்தார். படியில் நான்கு ஏறி, நான்கு இறங்கினார். முக்காலிமேல் முழங்காலைத் தூக்கி வைத்தார். யாரும் சொல்லாமலேயே மறுபடி குந்தினார், மறுபடி எழுந்தார்.

“குட்டையா, கொஞ்சம் தடியா இருக்கறவங்களுக்குன்னு வர்ற அளவு அது,” என்றார் பாய். சொன்னபிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று கலங்கி அட்டைப்பெட்டியைத் தேடப் போனார்.

சவரிமுத்து தன் வயிற்றைப் பார்த்தார். கால்களைப் பார்த்தார். பிறகு சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

“அது நான்தானே பாய்,” என்றார். “இதையே கட்டிக் குடுங்க.”

திரும்பும் வழியில், பேருந்து ஒரு வளைவில் திரும்பியபோது கேட்டார்: “அண்ணனோடதை என்ன செய்யறது குரு?”

“காய வைங்க. ஈரத்தோட மடிச்சு வச்சா ரப்பர் ஒட்டிக்கும்.”

“அப்புறம்?”

“அவர் உயரத்துல யாராவது பழக வருவாங்க.”

சவரிமுத்து மடியிலிருந்த பெட்டியை அணைத்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தார். அடுத்த நிறுத்தத்துக்குள் தூங்கிப்போனார். அண்ணன் போனதிலிருந்து பகலில் அவர் அப்படித் தூங்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறியபிறகு ஓடைக்கு வந்தார்கள். குரு அவருடைய இடுப்பு வாரை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு கீழ்ப்புறம் இறங்கி, அவர் விழுந்தால் பிடிக்க மடுவுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

சவரிமுத்து ஓடையில் கால் வைத்தார். தண்ணீர் ரப்பரைக் காலோடு சேர்த்து அழுத்தியது. சில்லிப்பு தெரிந்தது, ஈரம் தெரியவில்லை. அடுத்த காலை எடுத்து வைத்தார். பாதத்துக்கு அடியில் ஓர் உருண்டைக் கல். அது உருண்டை என்பது காலுக்குத் தெரிந்தது. அதை விட்டுப் பக்கத்தில் ஊன்றினார். அடுத்தது தட்டைக் கல். அதன்மேல் ஏறினார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஓடையின் தரை அவருக்குத் தட்டுப்பட்டது.

விழுந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோது நெஞ்சு படபடத்தது. நின்றார். தண்ணீர் தொடையைச் சுற்றிக்கொண்டு போனது. அவரைத் தள்ளிப் பார்த்துவிட்டு, வழிவிட்டு நகர்ந்தது போல இருந்தது.

படபடப்பு அடங்கியது.

கீழ்ப்புறம் நின்ற குரு சிறிது நேரம் பார்த்தார். பிறகு கரையோரமாகவே நடந்து மேல்புறம் போய், தன் தூண்டிலைப் பிரித்தார்.

சவரிமுத்துவும் தூண்டிலை வீசினார். அது மிதந்து வந்தது. மறுபடி வீசினார். சோலைக்குள் ஏதோ பறவை விட்டு விட்டுக் கூவியது. எவ்வளவு நேரம் போயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் பக்கத்தில் கிடந்த மரநிழல் ஓடையின் மறுகரைக்குப் போயிருந்தது.

திடீரென்று தன் நினைவு வந்தவர்போல, மேல்புறம் திரும்பிக் கேட்டார்.

“குரு, நான் எப்படி நிக்கறேன்?”

தெய்வானை தலையைத் திருப்பவில்லை.

“நான் கவனிக்கலையே சார். அந்தப் பாறைக்குக் கீழே மீன் ஏறுது. அதைப் பார்த்துட்டு இருக்கேன்.”