தையல் பிரிப்பான் மேடையேறியது

ஒரு தையல் கடை இருந்தது. திருமங்கலம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பத்துக்குப் பத்து அறை. தைப்பவள் தவமணி. அவளுடைய மேசை இழுப்பறைக்குள் தனியாக ஒரு அரசாங்கமே நடந்துகொண்டிருந்தது. அதில் கத்திரி முதலமைச்சர், இஞ்ச் டேப் எதிர்க்கட்சி. தையல் பிரிப்பானுக்கு ஓட்டுரிமைகூட இல்லை.

கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பிடி, நுனியில் சின்னதாக இரண்டு பல், அவ்வளவுதான் பிரிப்பான். கோணலாக விழுந்த தையலைப் பிரிப்பது அதன் வேலை. அதனால் தவமணி "ச்சே" என்று சொல்லிக்கொண்டேதான் அதைக் கையில் எடுப்பாள். ஆயுத பூஜையன்று கத்திரிக்குச் சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப் பூ எல்லாம் உண்டு. பிரிப்பானுக்குப் பொட்டு வைக்க யாருக்கும் ஞாபகம் வந்ததில்லை.

ஒருநாள் தையல் சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. முப்பது வருஷம் தொழில் செய்தவர்கள் ஆண்டு விழாவுக்கு ஒரு கருவியோடு வரவேண்டும். தொழிலில் ரொம்பப் பெருமைப்பட்ட நாள் எது என்று மேடையில் சொல்லவேண்டும்.

"கிளம்ப வேண்டியது நான்தான்" என்றது கத்திரி. "மில்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு இருபத்திரண்டு ஜாக்கெட். ஒரே மூச்சில் வெட்டினேன். ஒரு நூல் பிசகவில்லை."

"துணியை மடிக்காமல் போட்டு, இரண்டு கையையும் இடது பக்கத்துக்கே வெட்டினாயே, அது எந்த வீட்டுக் கல்யாணம்?" என்றது இஞ்ச் டேப். "நானூறு பிள்ளைகளுக்குச் சீருடை அளவு எடுத்தவன் நான். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை."

கத்திரிக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைக் காட்ட ஆள் தேடி, பிரிப்பானைப் பார்த்தது. "நீ போனால் என்ன சொல்வாய்? தவமணி அக்கா எத்தனை தப்புச் செய்தாள் என்று கணக்குச் சொல்வாயா?"

கத்திரி சொன்னதும் நியாயம்தானே என்று நினைத்துக்கொண்டு பிரிப்பான் மூலைக்கு நகர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவமணி இழுப்பறையைத் திறந்தாள். கத்திரியை ஒதுக்கினாள். டேப்பை ஒதுக்கினாள். பிரிப்பானை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள்.

'தெரியாமல் எடுத்துவிட்டாள். இருநூறு பேர் முன்னால் என்னைக் காட்டினால் சிரிப்பார்களே. என்னால் இவள் மானம் போகப் போகிறதே' என்று பிரிப்பான் வழியெல்லாம் தவித்தது.

நினைத்தபடியே நடந்தது. மேடையில் தவமணி அதைத் தூக்கிக் காட்டியதும் மண்டபம் சிரித்தது. சங்கத் தலைவர் கருத்தப்பாண்டி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "என்னக்கா, தைச்ச கதையைச் சொல்லுவீங்கன்னு பாத்தா, பிரிச்ச கதையைச் சொல்லப் போறீங்களா?" என்றார்.

"ஆமா தம்பி, பிரிச்ச கதைதான்" என்றாள் தவமணி.

"எங்க தெருவுல எஸ்தர் டீச்சர் இருக்காங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி அவங்களுக்குப் புத்துநோய். மதுரையில வைத்தியம். ஆறு ஜாக்கெட்டைக் கொண்டாந்து, 'தொளதொளன்னு கெடக்கு தவமணி, பிடிச்சுக் குடு'ன்னாங்க. உள்பக்கமா ஒரு தையல் போட்டேன். ரெண்டு மாசத்துல மறுபடி வந்தாங்க. இன்னொரு தையல். அப்புறம் ஒண்ணு. மூணாந்தடவை, 'உள்ள துணி மடிஞ்சு உறுத்துது, அதை வெட்டி எடுத்துரு, இனி எதுக்கு'ன்னாங்க. நான் வெட்டலை. 'அது பாட்டுக்குக் கெடக்கட்டும் டீச்சர்'னுட்டேன்."

மண்டபத்தில் சிரிப்பு அடங்கியிருந்தது. உடம்பு தேறினால் பிரித்துத் தளர்த்தலாம் என்றுதான் துணியை வெட்டாமல் விட்டாள் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"மறு வருஷம் ஒருநாள் வந்து, 'ஏம்மா, ஜாக்கெட் இறுக்கி மூச்சு முட்டுதே, என்ன தைச்சிருக்க நீ'ன்னு சண்டை போட்டாங்க. ஒரு தையலைப் பிரிச்சேன். தீபாவளிக்கு ரெண்டாவதைப் பிரிச்சேன். பள்ளிக்கூடம் தெறந்து அவங்க வேலைக்குப் போற அன்னைக்கு மூணாவது."

பிரிப்பானுக்கு அந்த நாள் நினைவிருந்தது. அன்று தன் பல்லில் நூல் அறுந்துகொண்டிருக்கும்போதே அக்காவின் கண்ணீர் பிடியில் சொட்டியது. துணியைக் கிழித்துவிட்டோம் போல என்று இத்தனை நாளும் அது வெட்கப்பட்டுக்கொண்டே கிடந்தது.

தவமணி பிரிப்பானை விரலுக்குள் இறுக்கிப் பிடித்தாள்.

"முப்பது வருஷத்துல எத்தனையோ தையல் போட்டுட்டேன்" என்றாள். "பிரிக்கணும்னு சாமியை வேண்டிக்கிட்டே போட்டது அந்த மூணுதான்."