புற்றுக்கு ஒற்றை வாசல் வந்த கதை

அந்தக் காலத்தில், கறையானும் யானையும் ஒரே மொழி பேசிய நாளில், கரிச்சான் குருவி விடியுமுன் எண்களைக் கூவிக்கொண்டு காட்டின் மேல் பறக்கும். அந்த ஓசை செம்பி என்ற கறையானின் காதில் கடைசிவரை இருந்தது. மழைச் செய்தி வரும் ஓசை அது. அவள் தங்கையின் அறைக்கு வராமல் போனதும் அதுதான்.

காட்டில் முகவரி வழங்கியவர் நாரையார். நான்கு எண்கள், எதுவும் 255-ஐத் தாண்டாது; நடுவே மூன்று புள்ளிகள். முதல் எண்ணைப் பார்த்ததும் கரிச்சானுக்கு எங்கே வெட்டிப் படிப்பது என்று தெரிந்துவிடும். 126 வரை இருந்தால் முதல் வகுப்பு: முதல் எண் மட்டும் கூட்டத்தின் பெயர், மற்ற மூன்றும் உள்ளே இருப்பவர்களுக்கு. 128 முதல் இரண்டாம் வகுப்பு: பாதிக்குப் பாதி. 192 முதல் மூன்றாம் வகுப்பு: உள்ளே இருப்பவர்களுக்குக் கடைசி எண் ஒன்றுதான். யானைக்கு முதலாவது, மானுக்கு இரண்டாவது, கறையானுக்கு மூன்றாவது. நாரையார் உடம்பை அளந்தார், தலைகளை எண்ணவில்லை.

பதினேழு யானைகளுக்கு ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் எண்கள். லட்சம் பேர் வாழும் புற்றுக்கு இருநூற்று ஐம்பத்து நான்கு! எண் இல்லாத அறைக்குச் செய்தி இல்லை. சென்ற ஐப்பசியில் கிழக்கு அறைகள் மூழ்கின. செம்பியின் தங்கையும் போனாள். அவள் விட்டுப்போன குஞ்சுகளுக்கும் எண் இல்லை.

அடுத்த மழைக்கு முன் செம்பி குளக்கரைக்குப் போனாள்.

“நாரையாரே, இரண்டாம் வகுப்பாவது தாரும்.”

“அது மானின் அளவம்மா. நீ என் நகத்தழுக்கு.”

“யானை அத்தனை எண்ணையும் வைத்து என்ன செய்கிறது?”

குளித்துக்கொண்டிருந்த யானை தும்பிக்கையைத் தூக்கியது. “ஒன்றும் செய்யவில்லை. கொடுத்தால் என் கௌரவம் என்னாவது?”

“127 என்று தொடங்குபவை?”

“அவரவர் தம்மோடு தாமே பேசிக்கொள்ள,” என்றார் நாரையார்.

“தனக்குத்தானே பேச ஒரு கோடி எண்ணா? ஒன்று போதாதா ஐயா?”

“வாயாடி!”

“224 முதல்?”

“ஒரே கூவலில் பலரை அழைக்க.”

“240 முதல்?”

“பின்னால் உதவும் என்று பூட்டி வைத்திருக்கிறேன்.”

“பின்னால் என்றால், நாங்கள் செத்த பின்னாலா?”

நாரையார் காலை மாற்றி நின்றார். தண்ணீரில் மீனைத் தேடலானார்.

செம்பி திரும்பிவந்து புற்றின் துளைகளையெல்லாம் மண்ணால் அடைத்தாள். ஒன்றை மட்டும் விட்டாள். 10 என்று தொடங்கும் முதல் வகுப்பு எண்களை நாரையார் யாருக்கும் தராமல் போட்டு வைத்திருந்தார். அவற்றை எடுத்து, குஞ்சு முதல் கிழம் வரை எல்லோருக்கும் தானே கொடுத்தாள். கரிச்சான் உள்ளே வருவதில்லை, யாரைக் கேட்கவேண்டும்? பக்கத்துப் புற்றும் அதே எண்களை வைத்துக்கொண்டது. உள்ளே வைத்த எண் வெளியே போகாததால் மோதவில்லை. வெளியே மட்டும் புற்று முழுவதுக்கும் பழைய எண்களில் ஒன்றே ஒன்று. யார் என்ன கேட்டார்கள் என்று நினைவில் வைத்து, வந்த பதிலை அவரிடமே சேர்க்கச் செம்பி வாசலில் உட்கார்ந்தாள். பழைய எண்களில் மீதியை நாரையாரின் காலடியில் கொட்டச் சொல்லியனுப்பினாள்: “எண்ணே இல்லாத புற்றுகளுக்குக் கொடும்.”

அந்த ஐப்பசியில் கரிச்சான் ஒருமுறைதான் கூவியது. மழை வருமா என்று கேட்டு வைத்திருந்த எல்லா அறைக்கும் செம்பி வழியே செய்தி போயிற்று. குஞ்சுகள் மேலேறிவிட்டன.

அன்று முதல்தான், நம் வீடுகளிலும் கணினியும் கைப்பேசியும் அடுத்த வீட்டில் உள்ள அதே எண்களை உள்ளே வைத்துக்கொண்டு, ஒரே எண்ணோடு ஒற்றை வாசல் வழியாக உலகத்தோடு பேசுகின்றன. செம்பி மறுபடி உள்ளே போகவில்லை. வாசலிலேயே செத்தாள்.