மூணு வருஷமா, நாலு வருஷமா

ஆவுடைச்செல்வி அந்தக் கேள்வியைக் கேட்டபோது தஸ்தகீர் மூன்றாம் படுக்கையின் டயாலிசிஸ் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மூணு வருஷப் படிப்பா, நாலு வருஷப் படிப்பா பிரதர்?"

"மூணுன்னா என்ன, நாலுன்னா என்ன?"

"மூணு வருஷம் நர்சிங் டிப்ளமோ. நம்ம ஊர்லயே இருக்கு. நாலு வருஷம் டிகிரி. மதுரைக்குப் போகணும், ஹாஸ்டல்ல தங்கணும். ரெண்டு ஃபாரமும் பையில வச்சிருக்கேன். ரெண்டுக்கும் நாளைதான் கடைசி நாள்."

"வீட்ல என்ன சொல்றாங்க?"

"எதுக்குனாலும் போ, பிள்ளையை நான் பாத்துக்கிடுதேன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டாங்க."

தஸ்தகீர் துணியை மடித்து வைத்தார்.

ஆவுடைச்செல்விக்கு முப்பத்தேழு வயது. பதினைந்து வருஷம் ஒரு இன்ஜினியர் ஆபீசில் வீடுகளுக்குப் பிளான் வரைந்தவள். அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் இந்த டயாலிசிஸ் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. இரண்டு வருஷம் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். அம்மா இறந்த பிறகும் அந்தக் கதவையே நினைத்துக்கொண்டிருந்தாள். வேலையை விட்டுவிட்டு அதே பிரிவில் உதவியாளராக வந்து சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. நமக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் படிக்கலாம் என்பது அவள் எண்ணம்.

தஸ்தகீர் அங்கே நர்ஸ். அவளைவிட எட்டு வயது சின்னவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நாடி எண்ணுவது முதல் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது வரை அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது.

"மூணாம் படுக்கைக்கு அண்ணாச்சி வந்தாச்சு. ஊசி போட்டதும் பக்கத்துல உட்காருங்க அக்கா," என்றார். "மெஷின்ல கை வைக்க வேண்டாம். ஆளைப் பாத்துக்கிட்டே இருங்க."

அவள் முகம் வெளிறிவிட்டது.

"ஜெயசீலி சிஸ்டரை உட்காரச் சொல்லுங்களேன்."

"அவங்க அஞ்சாம் படுக்கையில இருக்காங்க."

அவளுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. சேர்ந்த இரண்டாவது வாரம், ஒரு டீச்சரம்மாவின் பக்கத்தில் தண்ணீர்த் தம்ளரோடு நின்றிருந்தாள். பேசிக்கொண்டிருந்த அந்த அம்மாவின் கண் மேலே செருகிக்கொண்டது. அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். வாய் திறக்கவில்லை, கால் நகரவில்லை. அடுத்த படுக்கைக்காரர் சத்தம் போட்டுத்தான் தஸ்தகீர் ஓடிவந்தார். டீச்சரம்மா பிழைத்து, சாயங்காலம் நடந்தே வீட்டுக்குப் போனார். யாரும் இவளை ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் இவளுக்கு இன்னும் கனத்தது.

சங்கரபாண்டியன் அண்ணாச்சி ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ஊசி ஏறிய நிமிஷத்திலிருந்து இறங்கும்வரை பேசுவார்.

"ஏம்மா, உன்னைத்தான் கேக்கேன். மூஞ்சியை ஏன் இப்படி வச்சிருக்க? எனக்குத்தான ஊசி."

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

"ஒருநாள் ஆலங்குளத்துல ஒரு ஆளு ஏறினான். கையில ஒரு சேவல். சேவலுக்கு டிக்கெட் எடுக்கணும்னேன். அவன் சொல்லுதான், இது என் மடியில இருக்கு, சீட்டுல இல்லைன்னு..."

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. குழாயில் ரத்தம் போவதும் வருவதுமாக இருந்தது. ஒரு மணி நேரம் போயிற்று, இரண்டு மணி நேரம் போயிற்று. அண்ணாச்சி சேவல்காரனை விட்டு வேறு நாலைந்து பயணிகளிடம் போய்விட்டுத் திரும்பவும் சேவலுக்கு வந்திருந்தார்.

"அப்ப செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறிட்டாரு. சேவல் அவரைப் பாத்து..."

அவர் கொட்டாவி விட்டார். அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேல் உதட்டில் வேர்வை பொடித்திருந்தது. கண் திறந்திருந்தது. ஆனால் அந்தக் கண் எதையும் பார்க்கவில்லை.

அன்றைக்கு வந்த அதே பயம் வந்தது. காதை அடைத்தது. டீச்சரம்மாவின் முகம் அண்ணாச்சியின் முகத்தின்மேல் வந்து படிந்தது. இந்த மனிதர் என் கண் முன்னால் போய்விடுவார், நான் நின்றுகொண்டேதான் இருப்பேன் என்று தோன்றியது.

அவள் கை கட்டிலின் பக்கவாட்டுப் பிடியைத் தேடிப் போனது. பிடித்து இழுத்தாள். வேர்வையில் வழுக்கியது. இரண்டாவது தடவை இழுத்தபோது தலைமாடு மடாரென்று கீழே இறங்கியது.

"பிரதர்," என்றாள். பாதிதான் குரலாக வந்தது.

தஸ்தகீர் ஏற்கெனவே திரும்பியிருந்தார். ஓடவில்லை, வேகமாக நடந்து வந்தார். மெஷினில் ஒரு பொத்தானை அழுத்தினார். சலைனைத் திறந்துவிட்டார்.

"காலைத் தூக்கிப் பிடிங்க அக்கா."

அவள் தூக்கிப் பிடித்தாள். அண்ணாச்சியின் பாதங்கள் சில்லென்றிருந்தன.

"அண்ணாச்சி. இங்க பாருங்க. அண்ணாச்சி."

பதில் இல்லை. ஜெயசீலி சிஸ்டர் ஐந்தாம் படுக்கையிலிருந்து வந்து மறு கையில் பிரஷர் பார்த்தார். "எழுபது. கீழ நாப்பது," என்றார். அவர் குரல் விலாசம் படிப்பதுபோல் இருந்தது. தஸ்தகீர் தலையாட்டினார். சலைன் இறங்கிக்கொண்டிருந்தது. ஆவுடைச்செல்வி பாதங்களை விடவில்லை. தோள் கடுத்தது. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எண்பத்தி ஆறு," என்றார் ஜெயசீலி. கொஞ்சம் பொறுத்து, "நூறு."

அண்ணாச்சியின் கண் அசைந்தது. முதலில் தஸ்தகீரைப் பார்த்தார். அப்புறம் தன் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பவளைப் பார்த்தார்.

"காலை ஏன்ம்மா தூக்கிப் பிடிச்சிருக்க?" என்றார். "எதுல விட்டேன்?"

"சேவல்ல," என்றாள் அவள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அண்ணாச்சியின் மகன் உள்ளே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். அதன் பிறகுதான் அவள் கை கழுவும் இடத்துக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, இரண்டு கைகளையும் தொட்டியின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு நின்றாள். கை நடுங்குவது நிற்கவில்லை.

தஸ்தகீர் பக்கத்தில் வந்து குழாயை மூடினார்.

"நான் நாலு வருஷத்துக்கே போயிருதேன் பிரதர்."

"ஏன்?"

"மூணு போதாது. என்னை மாதிரி ஆளுக்கு இன்னும் நல்லாப் படிக்கணும். உங்களை மாதிரி, சிஸ்டர் மாதிரி நிக்கணும். நாலு வருஷம் படிச்சா இந்தப் பயம் போயிரும்லா?"

தஸ்தகீர் வலது கையை நீட்டினார்.

"எண்ணுங்க."

"என்ன எண்ண?"

"நாடியை. சொல்லிக்கொடுத்தேன்ல."

அவள் மூன்று விரல்களை அவர் மணிக்கட்டில் வைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். முதல் சில துடிப்புகளிலேயே தப்பாக எண்ணுகிறோமோ என்று சந்தேகம் வந்தது. விரலுக்கு அடியில் அது ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் முழுதும் எண்ணினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை, எப்போதும் போல்தான் இருந்தது.

"நூத்தி இருபத்தி ரெண்டு."

"சரியாத்தான் எண்ணியிருக்கீங்க."

"எண்பதுக்குள்ள இருக்கணுமே, எல்லாம் முடிஞ்சு அரை மணி நேரம் ஆச்சே பிரதர்."

"ஆமா."

அவள் விரலை எடுக்க மறந்து நின்றாள்.

"நீங்க நாலு வருஷம் படிச்சவங்கதான?"

"நான் மூணு. நாலு படிச்சவங்க அங்க இருக்காங்க." அவர் ஐந்தாம் படுக்கைப் பக்கம் காட்டினார். "போய் அவங்க கையையும் பிடிச்சு எண்ணிட்டு வாங்க."

ஜெயசீலி சிஸ்டர் மேஜையில் உட்கார்ந்து கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தார். ஆவுடைச்செல்வி தயங்கித் தயங்கிச் சொன்னாள். சிஸ்டர் ஏன் என்று கேட்கவில்லை. எழுதுவதை நிறுத்தாமல் இடது கையை நீட்டினார். அந்தக் கை ஐஸ் மாதிரி குளிர்ந்து, உள்ளங்கை ஈரமாக இருந்தது. அவள் எண்ணி முடித்தாள். இங்கேயும் நூறைத் தாண்டியிருந்தது. கையை மெதுவாக மேஜைமேல் திருப்பி வைத்தாள்.

திரும்பி வந்து, தானாகவே அண்ணாச்சியின் கால்மாட்டில் போய் நின்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் உடை மாற்றும் அறையில் தனியாக உட்கார்ந்தாள். மதுரை ஃபாரத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள் என்பதும், தனக்கு இந்த ஊரை விட்டுப் போக மனமில்லை என்பதும் அப்போதுதான் அவள் நினைவில் மேலே வந்தன. இத்தனை நாள் பயமே இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அந்த ஃபாரத்தைப் பைக்குள் வைத்தாள். உள்ளூர்க் கல்லூரியின் ஃபாரத்தை எடுத்துப் பேர், வயது, விலாசம் என்று நிரப்பினாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் பேனாவை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

நிரப்பியதைக் கொண்டுபோய் தஸ்தகீரிடம் நீட்டினாள்.

"தப்பு ஏதும் இருக்கான்னு பாருங்க பிரதர்."

அவர் ஜன்னலோரம் போய் நின்று, மேலிருந்து கீழ்வரை நிதானமாக வாசித்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எழுத்தெல்லாம் நடுங்கியிருக்கு," என்றார்.

"ஆமா பிரதர். வேற ஃபாரம் வாங்கி எழுதட்டுமா?"

தஸ்தகீர் ஃபாரத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"எதுக்கு அக்கா? வாசிக்க முடியுதே."