எட்டுக்குச் சற்றுக் கீழே

“இன்னும் எத்தனை தலைமுறைதான் ஓட்டணும் மேடம்?”

கேட்டவர் இருதயராஜ். பாலிடெக்னிக் வாத்தியார், வயது நாற்பத்தொன்பது, ஆராய்ச்சி மாணவராக ஏழாவது வருடம். பதில் சொல்ல வேண்டியவர் அவருடைய வழிகாட்டி, பேராசிரியை ஹசீனா பேகம். ஆறு வயது இளையவர்; அதனால் மாணவரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்.

இருதயராஜ் களைத்துப் போயிருந்தார். கணினியில் படத்தைப் பிறர் பார்க்க முடியாதபடி பூட்டுவது அவர் ஆராய்ச்சி. ஒரு சாவி எண்ணிலிருந்து தாறுமாறான எண்களை வரவழைத்து, அவற்றால் படத்தைப் புள்ளி புள்ளியாகக் கலைப்பார். சாவியின் பதினைந்தாவது இலக்கம் பிசகினாலும் படம் திறக்காது. அப்படி நூறு சாவிகள் போட்டி போடும். நன்றாகக் கலைத்தவை ஜோடி சேர்ந்து குட்டி போடும், மற்றவை சாகும். அது ஒரு தலைமுறை.

கலைந்ததற்கு மதிப்பெண் உண்டு. முழு மதிப்பெண் எட்டு. இருதயராஜ் 7.9993-இல் நிற்கிறார். மூன்று மாதத்துக்கு முன் 7.9991. இந்த நான்காவது தசமத்துக்காக ஒரு மழைக்காலமே போயிற்று.

ஆறு மாதத்துக்கு முன்பே ஹசீனா, இவ்வளவு போதும், சான்றிதழ்ப் பக்கத்தைக் கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றார். எட்டு இன்னும் வரலையே மேடம் என்று இருதயராஜ் மழுப்பினார். வழிகாட்டியின் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு ஓர் அடி நகராது. ஆனாலும் அந்தத் தாள் அவர் பையிலேயே கிடந்து மூலை சுருண்டது.

அன்று ஹசீனா வற்புறுத்தவில்லை. ஒரு எக்ஸ்ரே படத்தைக் கொடுத்து, இனி இதைப் பூட்டிப் பாருங்கள் என்றார்.

இன்று அந்தக் கேள்வியைக் கேட்டதும் ஹசீனா இருமினார், தண்ணீர் குடித்தார்.

“அந்த எக்ஸ்ரேயைத் திறங்க சார்.”

திறப்பதில் ஒன்றுமில்லை, ஒரு புள்ளி பிசகாமல் திரும்பி வருகிறதா என்று புரோகிராமே சரிபார்த்துவிடும் என இருதயராஜ் விளக்கினார்.

“நீங்க பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. படம் கட்டைவிரல் அகலத்தில் திரையோரம் கிடக்கும். அவர் கண் எப்போதும் அதன் கீழிருந்த எண்ணில். கொஞ்சம் எரிச்சலோடுதான் சாவியைக் கொடுத்தார்.

கலங்கல் விலகி விலா எலும்புகள் வந்தன.

“பெருசாக்குங்க.”

நுரையீரலில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வெள்ளை. மூலையில் சின்ன எழுத்தில் ஆறு மாதத்துக்கு முந்தைய தேதி. பெண், வயது 43. பெயர், ஹசீனா பேகம்.

நாலாயிரம் தலைமுறை இந்தப் படத்தோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறார். வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன.

பையைத் துழாவி அந்தத் தாளை எடுத்தார். சுருண்ட மூலையை உள்ளங்கையால் நீவி மேஜையில் வைத்தார்.

ஹசீனா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, திரையில் இருந்த எண்ணைப் படித்தார்.

“எட்டு இன்னும் வரலையே சார்.”

இருதயராஜ் பேனா மூடியைக் கழற்றி நீட்டினார்.