கபடி இறுதி ஆட்டமும் கேபிள் முதலாளி வீட்டு இருட்டும்

கபடி இறுதி ஆட்டத்தின் பாதியில் டிவி இருண்டதும் சலூன்கடை சுடலைமுத்து ரிமோட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தான். ஆடுகிறவள் அந்தத் தெருப் பெண் மாரிச்செல்வி. அவளைப் பெற்ற பேச்சியம்மாள் கடைக்குள் நிலைகொள்ளாமல் தவித்தாள். தேர்தலில் தனக்கு ஓட்டுப் போடாத தெரு என்று கேபிள் முதலாளி கோமதிநாயகத்துக்கு ஆத்திரம். அவர்தான் லைனை நிறுத்தியிருப்பார் என்று சுடலைமுத்து அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"மேலேயே சிக்னல் இல்லப்பா. என் வீட்டு டிவியும் இருட்டுதான்."

"சரி அண்ணாச்சி. மாரிச்செல்வி பிடிபட்டு வெளியே போயிட்டதாப் பேசிக்கிறாங்க. அவ அம்மா இங்க கெடந்து துடிக்கா."

"எவன் சொன்னான்? இப்பத்தான் மூணு பேரைத் தொட்டுட்டு வந்தா."

பேச்சியம்மாளுக்கு மூச்சு வந்தது.

"உங்க வீட்டு இருட்டுல ஆட்டம் நல்லாத் தெரியுது போல. தெருவே கெளம்பி அங்க வந்துடுதோம் அண்ணாச்சி."

போன் கட்டானது. அவர்கள் செருப்பை மாட்டுவதற்குள் டிவியில் படம் வந்துவிட்டது. மாரிச்செல்வி மறுபடியும் 'கபடி, கபடி' என்று பாடிக்கொண்டு எதிரணிக்குள் நுழைந்தாள். பேச்சியம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.