பொன்னரங்கத்துக்குக் காது கேட்ட கதை

மாங்குயில்பட்டணத்தில் பொன்னரங்கம் என்ற பெரிய வணிகர் சொந்தமாக ஒரு வங்கி தொடங்கினார். ஊரார் கொண்டுவந்த தங்கக் காசுகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டு, பதிலுக்கு ரோஜா நிறத்தில் அழகழகான காகித நோட்டுகளைக் கொடுத்தார். ஒவ்வொரு நோட்டிலும், 'இதைக் கொண்டுவருபவருக்குக் கேட்டவுடன் ஒரு பொன் தரப்படும்' என்று அச்சடித்திருந்தது. கீழே மகாராஜா விசயகேசரியின் முத்திரை வேறு!

இடுப்பில் காசு மூட்டையைக் கட்டிக்கொண்டு திணறிய ஊருக்கு அது பெரிய சௌகரியமாகப் போயிற்று. நெய்க்காரர் முதல் சேனாதிபதி வரை எல்லோரும் நோட்டுக்கு மாறினார்கள். அரண்மனைக் கஜானாவில்கூட நோட்டுதான்.

ஆறு மாதம் கழித்து ஒருவர் நோட்டை நீட்டித் தங்கம் கேட்டார். அன்றைக்குப் பார்த்துப் பொன்னரங்கத்துக்குக் காது செவிடாகிவிட்டது.

"ஐயா, தங்கம் வேணும்!"

"தங்கையா? ஊரில் சௌக்கியமாக இருக்கிறாள்."

எழுதிக் காட்டினார்கள். பொன்னரங்கம் நோட்டைத் தட்டிக் காட்டினார். "படித்தவுடன் தருவேன் என்றா போட்டிருக்கிறது? கேட்டவுடன் என்றுதானே இருக்கிறது! எனக்குக் கேட்கட்டும், அந்த நிமிஷமே தருகிறேன்."

சேதி பரவியது. மறுநாள் கடைத்தெருவில் யாரும் நோட்டைத் தொடவில்லை. நெய்க்காரர் அரண்மனைக்கே நெய் இல்லையென்று சொல்லிவிட்டார். மகாராஜாவுக்கு நெய்யில்லாத பொங்கல் வந்தது. அவர் பொங்கிவிட்டார்.

பொன்னரங்கத்தைச் சபைக்கு இழுத்துவந்தார்கள். காதருகே கொம்பு ஊதினார்கள். வெடி வைத்தார்கள். பட்டத்து யானை பயந்து ஓடியது. பொன்னரங்கம் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"அதில் இருப்பது என் முத்திரை. அந்த வாசகத்தை நானே மீற முடியாது," என்று பல்லைக் கடித்த மகாராஜா, சபையின் சாதுர்யக்காரன் அம்பலவாணன் பக்கம் திரும்பினார். "நாளைக்குள் இவருக்குக் காது கேட்க வேண்டும். இல்லாவிட்டால் உன் காது இரண்டையும் அறுத்துவிடுவேன்!"

அம்பலவாணன் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்த்தான். சுமாரான காதுகள்தாம். ஆனால் கடுக்கன் புதுசு. விட மனசில்லை. நேராகப் பொன்னரங்கத்தின் மனைவி வடிவாம்பாளிடம் போனான்.

"அம்மா, உங்கள் வீட்டுக்காரர் எதற்காவது பயப்படுவாரா?"

"என் தம்பி குப்பாண்டிக்குத்தான்! உப்பு வியாபாரத்துக்கு இவர் பணம் கொடுத்தார். அவன் மழைக்காலத்தில் மூட்டைகளை மொட்டைமாடியில் அடுக்கினான்."

அம்பலவாணன் அன்று நிம்மதியாகத் தூங்கினான்.

மறுநாள் சபையில் ஒரு காகிதத்தைப் பிரித்து, நலம் விசாரிப்பதுபோல் மெல்லிய குரலில் வாசித்தான்.

"பொன்னரங்கம் ஐயாவுக்குக் காது போய்விட்டது, பாவம். அவருக்கு உதவியாகச் சபை சில ஏற்பாடுகள் செய்கிறது. ஆட்சேபம் இருந்தால் அவரே சொல்லலாம். முதலாவது, அவருடைய குதிரை வண்டி இனி நெய்க்காரருக்கு."

பொன்னரங்கத்தின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

"ஆட்சேபம் இல்லை. இரண்டாவது, அவருடைய மீசையில் வலது பாதி சிரைக்கப்படும்."

பொன்னரங்கத்தின் கை மீசைக்குப் பறந்தது. பாதி வழியில் சுதாரித்து மூக்கைச் சொறிந்தது.

"ஆட்சேபம் இல்லை. மூன்றாவது, இரும்புப் பெட்டிச் சாவியும் வங்கிப் பொறுப்பும் இன்றுமுதல் அவருடைய மைத்துனர் குப்பாண்டியிடம்..."

"ஐயையோ, அவனிடமா?" என்று பொன்னரங்கம் துள்ளி எழுந்தார். "அதற்கு மொத்தத் தங்கத்தையும் கிணற்றில் கொட்டிவிடலாமே!"

சபையில் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

அம்பலவாணன் ஒரு ரோஜா நோட்டை எடுத்துக்கொண்டு அவர் அருகே போனான். "ஐயா, கேட்டதா?" என்று கிசுகிசுத்தான்.

"கேட்..." பொன்னரங்கம் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கேட்டவுடன் தரணும்!" என்று பின்னாலிருந்து கத்தினார் நெய்க்காரர்.

அன்று சாயங்காலம் வரை பொன்னரங்கம் தங்கம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். மீசை மட்டும் முழுசாகத் தப்பியது.

மகாராஜா கிரீடம் நழுவும்வரை சிரித்தார். "அம்பலவாணா, உன் காது பிழைத்தது! இந்தா, நூறு பொன் பரிசு!" என்று கையில் இருந்த ரோஜா நோட்டுக் கட்டை நீட்டினார்.

அம்பலவாணன் இரண்டடி பின்வாங்கிக் கும்பிட்டான்.

"மகாராஜா, காகிதமாக வேண்டாம். கொஞ்சம் நாணயமாகக் கொடுங்கள்!"